கதவு நிலையில் நான்கு வருடங்கள்

நாற்றுப் பண்ணையில் அவருக்கு அளவுகோல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தொட்டிப் பூச்செடிகள் ஒரு சாண் உயரத்தைத் தாண்டினால் கடைக்காரர்களின் அட்டைப்பெட்டிக்குள் அடங்காது. செடியை நீளவைக்கும் ஜிப்ரலின் ஹார்மோன் ஊறாமல் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து தெளிப்பதும், பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு செடியாக அளப்பதும் அவர் வேலை. அரை விரற்கடை கூடினாலும் கழித்துவிடுவார். யார் கெஞ்சினாலும் மசியமாட்டார்.

செடிகளை வளரவிடாமல் செய்து பிழைத்த மனிதருக்கு வீட்டில் நேர்மாறான கவலை. ஒரே மகள் பத்து வயதில் ஆறு வயதுப் பிள்ளை உயரம் இருந்தாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனைப் போதுமான அளவு சுரக்கவில்லை என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினம் ஒரு ஊசி. மனைவிக்குக் கை நடுங்கும் என்பதால் அவரே போட்டார். ஒருநாள் வலது தொடை, மறுநாள் இடது தொடை. காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாளிலும் எழுந்து போட்டார். அலுப்பு எலும்புவரை இறங்கியிருந்தது, பாவம்.

"அம்மா தோளைத் தொட்டாப் போதும்பா" என்பாள் மகள். அதைத்தவிர அவள் எதையும் கேட்டதில்லை.

மாதம் பிறந்ததும் மனைவியின் தோள் உயரம் குறித்திருந்த சமையலறைக் கதவு நிலையில் அவளை நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போடுவார். முதல் இரண்டு வருடம் மளமளவென்று ஏறிய கோடுகள் பிறகு தயங்கின. அளவுகோல் தப்பு செய்தது அங்கேதான். தலைமேல் வைக்கும் அட்டையைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தார். பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

இன்று டாக்டர் அவளுடைய கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எலும்பு நுனியில வளர்ற இடம் மூடிடுச்சுங்க. பருவத்துல சுரக்குற இன்னொரு ஹார்மோன் எல்லாருக்குமே இதை மூடிடும். இனிமே ஊசியால உயரம் ஏறாது. நிறுத்திடலாம்."

"இன்னும் ஆறு மாசம் போட்டுப் பாக்கலாமா டாக்டர்?"

கேட்கும்போதே பதில் அவருக்குத் தெரியும். காலம் தாழ்த்தித் தெளித்தால் மருந்து வெறும் தண்ணீர் என்று பண்ணையில் எத்தனை பேரிடம் கத்தியிருப்பார்!

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கதவு நிலையில் போய் நின்றாள்.

"அப்பா, இன்னிக்காச்சும் நேரா அள."

"எப்பவும் நேராத்தானம்மா அளக்குறேன்?"

"அட்டையைச் சாய்ச்சுப் புடிப்ப. எனக்குத் தெரியாதா?" சிரித்தாள். "நானும் லேசுப்பட்டவ இல்லப்பா. குதிகாலைத் தூக்கிக்குவேன். கோடு ஏறுனாத்தான் அன்னிக்கு நீ ஒழுங்காச் சாப்பிடுவ."

நான்கு வருட ஊசியில் ஒருநாளும் அழாதவர் அழுதார். அடுப்படியில் நின்ற மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

"சீக்கிரம்பா, கால் வலிக்குது."

குதிகால் தரையில் நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அட்டையைப் பண்ணையில் பிடிப்பதுபோல் துளியும் சாயாமல் பிடித்தார். கோடு அம்மாவின் தோளுக்கு மூன்று விரற்கடை கீழே, கடைசி ஏழு கோடுகளுக்கும் கீழே விழுந்தது.

அளவுகோல் அந்த ஏழையும் அழித்துவிட்டு, புதுக் கோட்டின் பக்கத்தில் தேதி எழுதினார்.