படுத்துக் குடித்த பால்

கடலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், தெற்கிலிருந்து தொழிற்பேட்டைக் காற்று வீசினால் ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். அங்கேதான் ஒரு ரசாயன ஆலையில் எனக்கு வேலை. மகளுக்கு இரண்டு வயது முடிந்ததிலிருந்து இருமல். முற்றினால் இளைப்பு, உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். ஒருமுறை நிமோனியா என்று அங்கேயே படுக்கை கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

“எல்லாம் இந்தக் காத்துதாங்க. இங்கருந்து கெளம்பிடலாம்” என்றாள் மனைவி.

எனக்கும் அப்படித்தான் பட்டது. 2008 கோடையில் சிதம்பரத்தில், மாமனார் வீட்டுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தோம். நான் பஸ்ஸில் போய்வந்தேன். வேலை முடிந்து வந்தால், குளித்து உடை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்குவேன்.

மழை தொடங்கியது. கூடவே இருமலும் தொடங்கியது.

அன்று எனக்கு அழுகை வரவில்லை, பிடிவாதம்தான் வந்தது. காரணம் தெரியாமல் இனி டானிக்கை மாற்றி மாற்றி ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். சிதம்பரத்திலேயே ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எப்ப ஜாஸ்தி இருமறா?”

“படுத்த கொஞ்ச நேரத்துல, மேடம். அப்புறம் விடியக்காலையில.”

“படுக்கறப்ப இன்னா குடுக்கறீங்க?”

“பால்தான்” என்றாள் மனைவி. “படுத்துக்கிட்டே பாட்டில்ல குடிச்சாதான் தூங்குவா.”

“எழுந்திருக்கறப்ப வாய்ல புளிச்ச வாடை வருதா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தினமும் வரும். குழந்தை வாய் அப்படித்தான் என்று விட்டிருந்தோம். அவர் டார்ச் அடித்துக் காட்டினார். மேல்வரிசைப் பற்கள் ஈறு ஓரத்தில் பழுப்பாக அரித்திருந்தன.

“வயித்துல இருக்கற பாலும் அமிலமும் மேல ஏறி வருதுன்னு நெனைக்கறேன். தூக்கத்துல அது கொஞ்சம் மூச்சுக்கொழாய்க்குள்ளயும் போயிடலாம். பல்லு சொத்தை, வாய்ல கிருமியும் ஜாஸ்தி. அதுவும் கூடவே எறங்கும். இதுமட்டுந்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா மொதல்ல இத நிறுத்திப் பாக்கணும்.”

இளைப்பு மருந்தை விடக் கூடாது என்றார். வயிற்றுக்கும் ஒரு மருந்து எழுதினார். இரவுச் சாப்பாடு சீக்கிரம் முடிய வேண்டும். உடனே படுக்க வைக்கக் கூடாது. கடைசியில் பல் தேய்த்தால் அப்புறம் தண்ணீர் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டில்களைக் குப்பையில் போட்டேன். மகள் அழுது தீர்த்தாள். மனைவி சமையலறையில் போய் நின்றுகொண்டாள். மறுநாள் சாயங்காலம் மாமனார் புதுப் பாட்டிலோடு வந்தார்.

“பச்சப் புள்ளய பட்டினி போட்டுப் படுக்க வெக்கறீங்களே மாப்ள, இது ஞாயமா?”

“பட்டினி இல்ல மாமா. இப்பத்தான் இட்லி சாப்ட்டா. பாலும் குடிச்சா, ஒக்காந்து, டம்ளர்ல.”

“எம் பொண்ணுங்க அத்தினியும் பாட்டில்லதான் வளந்துதுங்க.”

“அவுங்களுக்கு ஒத்துக்கிச்சு. இவளுக்கு ஒத்துக்கலியே மாமா. ஆஸ்பத்திரில மூஞ்சில மாஸ்க் வெச்சு இவ மூச்சுக்குத் தவிச்சத நீங்களும்தான பாத்தீங்க?”

அவர் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, “வா பாப்பா, கீழவீதி வரைக்கும் போய் வரலாம்” என்று அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

அதிலிருந்து மழை விட்ட சாயங்காலமெல்லாம் அந்த நடை தொடர்ந்தது. சாப்பிட்டது இறங்கும்வரை நிமிர்ந்திருக்க தாத்தாவின் தோளைவிட நல்ல இடம் அவளுக்கு வாய்க்கவில்லை. திரும்பி வந்ததும் மாமனார் குழாயடியில் தன் பல்செட்டைக் கழற்றித் தேய்ப்பார். அவள் தன் பல்லும் கழன்று வர வேண்டும் என்று இழுத்துப் பார்ப்பாள். வராத கோபத்தில் இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். பல் டாக்டர் சொத்தைகளை அடைத்து, காப்பாற்ற முடியாத ஒன்றைப் பிடுங்கியபோது, தாத்தாவைப் போல ஆகிவிட்டதாக அவளுக்குப் பெருமை.

இருமல் ஒரேயடியாக நிற்கவில்லை. சில வாரங்களில் விடியற்கால இருமல் குறைந்தது. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ பாயாசம் கொடுத்துத் தூங்க வைக்க, மறுபடி கிளம்பியது. நாங்கள் விடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் சளி பிடித்தது, தானாகவே விட்டது. நெஞ்சில் இறங்கவில்லை.

ஒன்றாம் வகுப்பில் அவள் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். தடுக்க வேண்டும் என்று வாய் வரை வந்தது, தடுக்கவில்லை. கடைசிக்கு முந்தியவளாக ஓடி முடித்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். குனிந்து அவள் முதுகில் காது வைத்துக் கேட்டேன். ஓடி வந்த எந்தப் பிள்ளைக்கும் வாங்கும் மூச்சுதான் அது.