ராஜாவின் இரண்டு உடைப் பெட்டிகள்

என் வீட்டுக்காரர் பெயர் பகதாத். அவருக்கு அரண்மனையில் ஒரே வேலை, ராஜாவுக்கு உடுத்திவிடுவது. அவர் பொறுப்பில் இரண்டு பெட்டிகள். ரோமிலிருந்து தூதர் வந்தால் ஒன்றைத் திறந்து, நீளமான வெள்ளை அங்கியை மடிப்பு மடிப்பாகச் சுற்றிவிடுவார். ஆற்றுக்கு அக்கரையில் ஆளும், ரோமுக்குப் பரம எதிரிகளான பார்த்தியர்கள் வந்தால் மற்றதைத் திறப்பார். கால்சட்டை, உயரமான தொப்பி, முத்துத் தைத்த சிவப்புச் செருப்பு. இரண்டு பேருக்கும் நடுவே எங்கள் குட்டி ராஜ்யம் கொம்மாகெனே பிழைத்துக் கிடப்பதே இந்த இரண்டு பெட்டிகளால்தான். யாரைப் பகைத்தாலும் தொலைந்தோம்.

மனுஷர் தூக்கத்தில்கூட மடிப்பு மடிப்பு என்று முனகுவார். கேலி செய்வேனே தவிர, எனக்கும் அந்தப் பயம் உண்டு. ராஜாமேல் சந்தேகம் வந்தால் ரோம் உடனே சண்டைக்கு வராது. இளவரசரைப் படிக்க அனுப்புங்கள் என்று இனிக்க இனிக்கக் கேட்கும். அப்படிப் போன ராஜாவின் தம்பி திரும்பவே இல்லை. எங்கள் வழக்கப்படி கூடவே போன, அவருக்குப் பால் கொடுத்தவளின் மகனும் வரவில்லை. இப்போதைய இளவரசருக்குப் பால் கொடுத்தவள் நான். அவரோடு போக வேண்டியவன் என் மகன் சப்தாய்.

அன்று பார்த்தியர்களுக்கு விருந்து. பாதி விருந்தில், சொல்லாமல் கொள்ளாமல் ரோமானியத் தூதர் மேற்கு வாசலில் வந்து நின்றார். பார்த்தியர்களை அவசரமாகத் தோட்டத்து வழியே அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் தொப்பியையும் கால்சட்டையையும் கழற்றிவிட்டு ராஜாவுக்கு அங்கியைச் சுற்றினார். மடிப்பு அம்சமாக விழுந்தது. ரொட்டித் தட்டோடு நின்ற எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ராஜா உட்கார்ந்தார். அங்கி கொஞ்சம் மேலேறியது. கீழே அந்தச் சிவப்புச் செருப்பு.

பாவி மனுஷர், மடிப்பையே பார்த்துக் காலைக் கோட்டை விட்டுவிட்டார்! தூதர் அதைப் பார்த்தார். பிறகு ஓர் அத்திப்பழத்தை எடுத்துக் கடித்தபடி விளைச்சலைப் பற்றி விசாரித்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கிளம்பும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"இளவரசர் நல்லா வளந்துட்டாரு. எங்க ஊர்ல வந்து படிக்கட்டுமே."

ராஜா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

என் வீட்டுக்காரரை யாரும் தண்டிக்கவில்லை. சாயங்காலம் சப்தாய் வீட்டுக்கு ஓடி வந்தான். ரோமைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. துணிகளை மூட்டை கட்டிக்கொண்டே அவரைக் கேட்டான்.

"அப்பா, அங்க எந்தச் செருப்புப்பா போட்டுக்கணும்?"

அவர் ஒரு துணியை எடுத்து மடிப்பு மடிப்பாக மடிக்க ஆரம்பித்தார். நான்தான் பதில் சொன்னேன்.

"அவங்க செருப்பத்தான்டா. தூங்குறப்பகூடக் கழட்டிடாத."