மேகம் மூடிய நாளின் படம்

அந்தப் படத்தை இன்னும் நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கடல், செயற்கைக்கோள் எடுத்தது. பாசி திரண்ட இடம் பச்சை, தெளிந்த இடம் நீலம், மேகம் மறைத்ததால் ஒன்றும் தெரியாத இடம் வெள்ளை. தினமும் காலையில் அன்றைய படத்தை மீனவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் கடல் தகவல் அலுவலகத்தில் என் வேலை. நான் கருங்குழிக்காரி, ஏரியைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவள். ஆனாலும் கடலுக்கே ஜாதகம் கணிப்பவள் போல எனக்கு அப்போது ஒரு மிதப்பு இருந்தது.

குப்பத்தில் என்னை முதலில் நம்பியவர் ஒரு படகுக்காரர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பாசிக்குள் போன வலை கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டு கல்லாய்க் கனக்கும். இரண்டு முறை என் படத்தைப் பார்த்து அவர் அதிலிருந்து தப்பித்தார். பிறகு யார் கடலுக்குக் கிளம்பினாலும், "அந்தப் பொண்ணு படம் பாத்தியா?" என்று கேட்பாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாட்கள் படம் முழுக்க வெள்ளை. ஐந்தாம் நாள் மழை விட்டது, மேகம் விடவில்லை. வெள்ளைக்கு என்ன பொருள் என்று படத்தின் மூலையில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தோம். அதை யார் படிப்பார்கள்? பச்சை இல்லை, அதனால் பாசி இல்லை என்று எடுத்துக்கொண்டு அவர் புது வலையோடு போய்விட்டார்.

அன்று மதியமே அலுவலகத்துக்கு வந்தார். சட்டை இன்னும் ஈரம். பாசி ஏறிய வலை படகையே ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டதாம். கூட இரண்டு பேர் இருந்தார்கள், படகு கவிழக்கூடாதே என்று தன் கையாலேயே வலையை அறுத்து விட்டுவிட்டாராம். கத்துவார் என்று பயந்திருந்தேன். கத்தியிருக்கலாம்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்மா. வெள்ளையா வுட்டுட்டா நாங்க இன்னான்னு நென்ச்சிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் படத்தின் குறுக்கே 'தெரியவில்லை' என்று பெரிதாகப் போட்டேன். மேலதிகாரி எடுக்கச் சொன்னார். "தெரியலன்னு சொல்றதுக்கா நம்மள வேலைக்கு வச்சிருக்காங்க?" என்றார். ஒப்பந்த வேலைக்காரி நான், எடுத்துவிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு இப்போது சொந்த வலை கிடையாது. வலை இல்லாத படகு கரையில் கிடக்க, அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். ஆனாலும் மேகம் மூடிய ஒவ்வொரு விடியற்காலையும் எனக்குப் போன் செய்கிறார்.

"இன்னிக்கி எப்டி கீதும்மா?"

"தெரியலண்ணே."

போங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது, போகாதீர்கள் என்று சொல்லவும் வராது.

"சரிம்மா," என்பார். அதற்குள் அவருக்குப் பின்னால் படகின் மோட்டார் கிளம்பியிருக்கும்.