போகலாம் என்பதற்கு எந்தக் காலைத் தூக்குவது

சத்தம் மாடியிலிருந்து வந்தது. கீழ ராஜ வீதியில் குடைக்குக் கம்பி மாற்றக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். மேலே ஆங்கிலம் பேசப் பழக்கும் சென்டர் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஒரு கூட்டமே ஒரே மூச்சில் ஒரே வரியைச் சொன்னது. ஐ கேன் கோ அவுட். ஐ மே கோ அவுட். ஐ மஸ்ட் கோ அவுட். ஆனால் சொன்னவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் நாற்காலி இழுபடும் ஓசையாவது கேட்டிருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாதம் குறுகுறுத்தது. "எங்கிட்டுப் போறீங்க, இந்தா முடிஞ்சிருச்சு" என்று குடைக்காரர் கூப்பிட்டபோது பாதித் தெருவைத் தாண்டியிருந்தேன்.

உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. கல்யாணப் பந்தியில்கூடப் பாயசத்துக்கு முன்னால் எழுந்துவிடுகிறவன். இந்த வியாதி எங்கே ஒட்டிக்கொண்டது என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் குதிரை லாயத்தில் என்று சொல்லலாம் போலிருக்கும். சொன்னால் சிரிப்பார்கள்.

அது உண்மையிலேயே குதிரை லாயம்தான். புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ப் பல வருஷமாகிவிட்ட அறுபதுகளின் தொடக்கம். குதிரைகளும் போய்விட்டன, மழை பெய்தால் சுவரிலிருந்து அவற்றின் வாசனை மட்டும் கிளம்பி வரும். அந்த நீளமான கட்டடத்தில்தான் எங்களைப் போன்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் கேம்ப் நடந்தது. தை மாதம் தொடங்கியது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஒல்லி மனிதர் ஒருவர் எங்கள் டியூட்டர். அவருக்கு ஒரே ஒரு விதி. செய்யாததைச் சொல்லாதே, சொல்லாமல் எதையும் செய்யாதே.

ஆகவே நாங்கள் நடந்தோம். ஐ ஆம் கோயிங் டு த டோர் என்று கதவுக்கு, ஐ ஆம் கோயிங் ரவுண்ட் த டேபிள் என்று மேசையைச் சுற்றி. வேட்டி கட்டிய, தலை நரைத்த, பேரன் எடுத்த வாத்தியார்கள்கூட வரிசையாக மேசைக்கு அடியில் குனிந்து போனார்கள். எதிர் டீக்கடைக்காரர் ஜன்னலில் வந்து நின்று ஒருநாள் கேட்டார்: "சாமி இல்லாத மேசைய எதுக்குங்க இத்தனை சுத்துச் சுத்துறீங்க?"

சுற்றியவர்களில் பிலோமினா டீச்சரும் ஒருவர். ஆவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கூடம் அவருடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. டியூட்டர் வாக்கியம் சொன்னதும் அதைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொள்வார். எங்களில் பாதிப் பேர் லீவு கிடைத்ததே என்று வந்தவர்கள். நான் ஊரைவிட்டுக் கிளம்பினால் போதும் என்று வந்தவன். டீச்சருக்கு மட்டும் காரியம் வேறு. ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

"இங்கிலீசு நடத்த சர்ட்டிபிகேட்டு உள்ள ஆளு இல்லைன்னா, ஜூன் மாசத்துலேருந்து அஞ்சாங்கிளாஸ மூடிர்றதுன்னு சர்ச்சு சாமியார் சொல்லிட்டாரு தம்பி. அவருதான் மேனேஜர். பசங்க எப்படியும் நடந்து வேற ஊருக்குப் போயிருவானுக. பொம்பளப் புள்ளைகள யாரு அனுப்புவா? நாலாப்போட ஆடு மேய்க்கப் போக வேண்டியதுதான்."

"பாஸ் பண்ணிருவீங்க டீச்சர்."

"ஒனக்கென்ன, வாய் இருக்கு. எனக்கு நடந்தாத்தான் இங்கிலீசு வருது."

உண்மைதான். நடக்கும்போது அவர் வாயில் இங்கிலீஷ் தண்ணீராக ஓடும். உட்காரவைத்துக் கேட்டால் கிராம்புதான் தெரியும்.

மாசி மாதத்தில் கேனும் மேயும் மஸ்டும் வந்து சேர்ந்தன. டியூட்டரின் விதி அங்கேதான் இடறியது. போகிறேன் என்றால் போய்க் காட்டலாம். போகலாம் என்பதை எப்படிச் செய்து காட்டுவது? போகணும் என்பதற்கு எந்தக் காலைத் தூக்குவது? இன்றுவரை இது என்னைத் தொந்தரவு செய்கிறது. தமிழில் நாம் முதலில் 'போக' என்று கிளம்பிவிடுகிறோம். ஆசையும் கடமையும் சந்தேகமும் பின்னால் வால்போல ஒட்டிக்கொண்டு வருகின்றன. இங்கிலீஷ்காரர்கள் ஓர் அடி எடுத்துவைக்கும் முன்பே அவற்றையெல்லாம் வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே, வெளியே, மேலே, ஊடே என்பதெல்லாம் அதற்கும் அப்பால். டியூட்டர் படம் போட்டுப் பார்த்தார். படத்தில் இருந்தவன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நின்றான்.

பிலோமினா டீச்சர் எழுந்து வாசல்படிக்குப் போனார். கதவைத் திறந்துவைத்து ஒரு காலைத் தூக்கினார். ஐ கேன் கோ அவுட். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஐ கேனாட். திறந்தார், டியூட்டரைப் பார்த்தார். அவர் தன்னை அறியாமல் தலையாட்டினார். ஐ மே. என்னை மணியடிப்பதுபோல் மேசையில் தட்டச் சொன்னார். ஐ மஸ்ட். இன்னொரு முறை தட்டச் சொல்லி, நகராமல், வெளியே வெயிலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். ஐ ஷுட். எனக்கு ஊரில் நான் பார்க்கப் போகாத பெரியப்பா நினைவுக்கு வந்தார். கடைசியில் தூக்கிய கால் படிக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ஐ மைட். போனாலும் போவேன்.

"டீச்சரம்மா," என்றார் ஜன்னலில் டீக்கடைக்காரர், "போறதுன்னா போங்க, இல்லைன்னா காலக் கீழ வைங்க. பாக்குற எனக்குக் கால் வலிக்குது."

மாதிரிப் பாடம் அன்னவாசல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். டியூட்டர் பின் பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். அதில் தேறினால்தான் சர்ட்டிபிகேட். டீச்சருக்கு அதே பாடம்தான் கிடைத்தது. கோ அவுட், கோ இன், கோ டு. மஸ்ட்டுக்கு மேசையைத் தட்டினால் பிள்ளைகளுக்குப் புரியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. "நான் கையக் காட்டுனதும் மெதுவா ஒரு தட்டுத் தட்டுங்க தம்பி" என்றார். ஆள் பார்க்கும் இடத்தில் மட்டும் என்னை மரியாதையாகக் கூப்பிடுவார்.

தண்டவாளத்துக்கு மெதுவாக என்பது தெரியாது. நான் தட்டியதும் அது ஊருக்கே கேட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அது மத்தியானச் சாப்பாட்டு மணி என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. எல்லா வகுப்பிலிருந்தும் அலுமினியத் தட்டுகள். மடை உடைந்ததுபோல் பள்ளிக்கூடம் மொத்தமும் சமையல் கொட்டகையைப் பார்த்து ஓடியது. டீச்சரின் வகுப்பும் கூடவே ஓடியது. "உலையே கொதிக்கல, எவன்டா மணிய அடிச்சது" என்று சமையல்கார அம்மா கரண்டியோடு வந்தார். நான் மரத்துக்குப் பின்னால் போனேன். உள்ளே காலி பெஞ்சுகளுக்குப் பின்னால் டியூட்டர் மட்டும், பேனாவைப் பிடித்தபடி.

டீச்சர் வாசல்படியில் நின்றார். பிறகு கிராம்பைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். தன் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் வாசலுக்கு வெளியே வரிசையாக நிறுத்தினார். யூ மஸ்ட் கோ இன் என்றார். யாருக்கும் உள்ளே போகப் பிடிக்கவில்லை, பசி. தட்டை நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு சிறுமி கொட்டகையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், ஒரு காலைத் தூக்கினாள். "கேன் ஐ கோ டு த சோறு?"

அந்த வாக்கியத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டியூட்டர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் கேட்டது. உள்ளே போன உடனேயே திரும்பி மே ஐ கோ அவுட் என்றது ஒன்று. உள்ளே போனால் சீக்கிரம் விடுவீர்களா என்று தமிழில் பேரம் பேசியது இன்னொன்று. சோறு வேகும்வரை பாடம் நடந்தது. அதைவிட நல்ல இங்கிலீஷ் பாடத்தை நான் பார்த்ததில்லை. நானும் பிறகு ஊர் ஊராய் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் லாயத்தில் டியூட்டர் தேறியவர்களின் பெயர் வாசித்தார். என் பெயர் இருந்தது. டீச்சர் பெயர் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், பாடம் நடத்த வந்தவர்கள் பள்ளியையே கலைத்துவிட்டார்கள் என்று மேலே புகார் சொல்லிவிட்டார்.

"அந்தப் புள்ள கேட்டத நான் மறக்க மாட்டேம்மா," என்றார் டியூட்டர், தரையைப் பார்த்து. "ஆனா என் கையில இல்ல. அடுத்த கேம்புக்கு வாங்க."

"அது எப்ப வரும் சார்?"

"வந்தாலும் வரும்."

கால் எதையும் தூக்காமலே எங்களுக்குப் புரிந்தது.

அந்த லாயம் இப்போது இல்லை, அங்கே கடைகள். செய்துகொண்டே சொல்வது என்கிற அந்த முறையும் சில வருஷத்தில் போய்விட்டது. புதுப் புத்தகம் வந்தது, எல்லோரும் உட்கார்ந்தார்கள். தண்டவாளத் துண்டு தொங்கிய பள்ளிக்கூடங்களில் மின்சார மணி. நான் தஞ்சாவூர், கடலூர் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஆவூர் பஸ்ஸில் ஒருநாள் ஏறியிருக்கலாம். ஏறியிருக்க வேண்டும். எங்கெங்கோ போகிற கால் அங்கே மட்டும் போகவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் இப்போது எட்டாவது வரை இருப்பதாக அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் ரயிலில் சொன்னார். பிலோமினா டீச்சர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

பெயர் வாசித்த அன்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீச்சரை ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் பை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

"என்ன செய்வீங்க டீச்சர்?" என்றேன், கூடவே நடந்துகொண்டு.

"பள்ளிக்கூடம் தொறக்குற அன்னிக்கு அஞ்சாப்புப் புள்ளைகளக் கூட்டியாந்து உக்கார வச்சுருவேன் தம்பி. எந்திரிச்சுப் போங்கன்னு சாமியாரு அதுக மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."