கட்டிலடியில் வெள்ளைச் சப்பாத்து

அத்தானின் கட்டிலடியில் ஒரு சோடி கன்வஸ் சப்பாத்து இருக்கும். சுண்ணாம்புக் கட்டியைக் குழைத்துப் பூசி, வெயிலில் காயவைத்து, மூக்கு வாசலைப் பார்க்க வைத்திருப்பார். காசநோய்க்கு வைத்தியர் சொன்ன முதல் மருந்தே படுக்கைதான். அதைக் கெடுக்கிற பொருள் அந்தப் படுக்கைக்குக் கீழேயே இருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஜப்பான்காரன் பினாங்கை ஆண்ட காலம். படிப்பு நின்றுபோனதால் நான் அக்கா வீட்டில் தங்கி, ஆஸ்பத்திரியில் வைத்தியருக்கு உதவும் டிரஸ்ஸர் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அகப்பட்ட வைத்தியப் புத்தகத்தையெல்லாம் விழுங்கிவிட்டு எதிர்ப்பட்டவருக்கெல்லாம் பாடம் நடத்துகிற வயது. அக்காவின் கணவரான அத்தான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க்கு. அவருக்கு இடது நுரையீரலில் புண். இன்றைய ஊசிமருந்து அப்போது கிடையாது. விலாவுக்குள் ஊசி செலுத்திக் காற்றேற்றி, நோயுற்ற நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுப்பார்கள். பிறகு வீட்டில் அசையாமல் படுத்து, நன்றாகச் சாப்பிட வேண்டும். அதே வாரம் அதே சிகிச்சையைத் தொடங்கிய சூலியா தெரு முதலாளி ஒருவர், மாடியறைச் சன்னலைத் திறந்துவைத்து, ஆட்டுப்பாலும் முட்டையுமாகப் படுத்திருந்தார். இருமல் அடங்கி, அவருக்குச் சட்டை இறுகத் தொடங்கியது. அத்தானுக்கோ தோளெலும்பு இன்னும் துருத்தியது. இருவருக்கும் காற்றேற்றியது ஒரே கைதான்.

காரணம் தெரியாமலில்லை. அத்தானின் அலுவலகத்தில் காலையில் எல்லாரும் காலில் வெள்ளைச் சப்பாத்தோடு வரிசையாக நின்று, வானொலி இசைக்குக் கைகாலை வீசி ‘தைசோ’ செய்ய வேண்டும். வந்து நிற்கிறவனுக்குத்தான் அரிசிப் பங்கு. மற்றவனுக்கு மரவள்ளி. அக்கா அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

“காத்தேத்தின நெஞ்சோட குதிக்கிறீங்களே அத்தான், படிச்ச மனுசர்தானே?”

“நீ பெரிய டொக்டர் லா. அரிசியையும் புத்தகத்தில வச்சோ அவிக்கிறாய்?” இருமலுக்கிடையே சிரித்தார்.

நான் விடவில்லை. வைத்தியரிடம் ஓய்வுச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் அலுவலகத்தில் கொடுத்தேன். மேலதிகாரி மறுக்கவேயில்லை, மரியாதையாகத் தலையசைத்து லீவு கொடுத்தான். அத்தான் படுத்தார். காய்ச்சல் தணிந்தது, இரவு வியர்வை குறைந்தது. நான் வென்றவன் மாதிரித் திரிந்தேன். அடுத்த பங்கு நாளில் அவர் பெயருக்கு அரிசி இல்லை என்றார்கள். என் பங்கு மூவருக்குக் காணாது. அத்தான் தன் சோற்றுக் கோப்பையிலிருந்ததை அக்காவின் கோப்பையில் தள்ளத் தொடங்கினார். படுத்தால் சோறில்லை, சோறு வேண்டுமானால் படுக்கையில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற வழி என் புத்தகம் எதிலும் இல்லை.

மறுபடி போய்விடுவாரோ என்று பயந்து சப்பாத்தை விறகுக்குள் ஒளித்தேன். இரண்டொரு நாளில் பின்வாசலுக்குப் போனால், வயிற்றைத் தாங்கியபடி உட்கார்ந்து அக்கா அதற்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தாள்.

“இது அவரைக் கொன்றுபோடும், அக்கா.”

“வீட்டில இருந்தா ஒரு வாய் வைக்கிறாரில்லையடா. எல்லாம் என்ர கோப்பையிலதான். பங்கு வந்தாலாவது தானும் தின்பார்.” நிமிராமல் மற்றச் சப்பாத்தை எடுத்தாள்.

பிள்ளை பிறந்ததை அத்தான் பார்த்தார். ஜப்பான் சண்டை முடிந்ததைப் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் வார்டுக்கு ஊசிமருந்து வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள், “எப்ப தம்பி சுகமாவும்?” என்கிறார்கள். மருந்தின் பெருமையைச் சொல்ல எனக்கு வாய் துடிக்கும். நேற்று ஒரு லாரி டிரைவரும் அதையே கேட்டார். “வீட்டுல யாருண்ணே சம்பாதிக்கிறாங்க?” என்றேன்.

“நான்தான் லா, வேற யாரு?”

குனிந்து பார்த்தேன். கட்டிலடியில் அவருடைய சப்பாத்து, மூக்கு வாசலைப் பார்த்தபடி இருந்தது.