இசைத்தட்டில் இல்லாத கடைசிப் பாட்டு

உலகத்தின் தலைசிறந்த டிரம்மர் இங்கிலாந்தில் இருக்கிறார் என்று முப்பது வருஷமாக நம்பியிருந்தேன். ஒரு பழைய ஹெவி மெட்டல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுதான் எனக்கு ஆதாரம். அதில் பாடுவதே கிடையாது, வெறும் டிரம்ஸ். இடி மாதிரி உருண்டு, கரகரவென்று கிழிந்து, முடிவில் ஓர் அலறல். அந்த இடம் வந்தால் என் தலை தானாக ஆடும். கழுத்து வலிக்கு டாக்டரிடம் போனபோதுகூட காரணத்தைச் சொல்லவில்லை.

செங்கல்பட்டில் என்னோடு கல்லூரியில் படித்த கடப்பாக்கத்து நண்பன் பதிவு செய்து கொடுத்த கேசட் அது. ஒருநாள் என் கார் பிளேயர் அதைத் தின்றுவிட்டது. இணையத்தில் தேடினால் மற்ற பாட்டெல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. ராயல்டி தகராறு என்று நானே விசாரித்து நானே தீர்ப்பும் எழுதினேன். ஆகவே, அந்த ஆல்பம் அசலில் இருந்தபடியே வினைல் இசைத்தட்டாக மறுபடி வருகிறது என்றதும், அந்த ஒரு பாட்டுக்காகவே முன்பதிவு செய்தேன்.

தட்டு வந்தது. படாளத்தில் என் வீட்டிலிருந்து அதைக் காரின் முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, கடப்பாக்கத்துக்குக் கொண்டுபோனேன். நண்பன் மாமல்லபுரத்து விடுதிகளில் எலக்ட்ரீஷியன். ஒரு விடுதி அழகுக்கு வைத்திருந்து கழித்துவிட்ட ரெக்கார்டு பிளேயரை வாங்கிச் சரிசெய்து வைத்திருக்கிறான்.

கிதார் எழும்பியதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இரண்டு பேரும் வயசை மறந்து ஆடினோம். இரண்டாம் பக்கம் முடிந்தது. ஊசி வெறுமனே சுற்றியது. என் பாட்டு வரவேயில்லை.

தட்டைத் திருப்பிப் போட்டேன். டார்ச் அடித்து வரிப்பள்ளங்களை ஆராய்ந்தேன். உறையைக் கவிழ்த்து உதறினேன், பாட்டு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோல. பிறகு ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் உலகளாவிய சதி என்று குரல் செய்தி அனுப்பினேன். இரண்டு பேர் உடனே போராட்டத்துக்குத் தயார் என்றார்கள்.

எந்தப் பாட்டு என்று நண்பன் நிதானமாகக் கேட்டான். இத்தனை வருஷமாக நான் கடைசிப் பாட்டு, கடைசிப் பாட்டு என்று உருகியபோதெல்லாம், ஆல்பத்தின் நிஜமான கடைசிப் பாட்டைச் சொல்கிறேன் என்றுதான் அவன் தலையாட்டியிருக்கிறான். சாப்பாட்டு மேஜையில் இரண்டு கையாலும் அடித்துக் காட்டி, முடிவில் அலறினேன். அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

நண்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"டேய் மச்சான், அது எங்க நைனாடா."

ஆல்பம் முடிந்தும் கேசட்டில் இடம் மிச்சமிருந்ததாம். காலியாக விட மனசு வராமல், ஆடி மாதம் அம்மன் கோயிலில் அவன் அப்பா பம்பை அடித்ததைப் பதிவு செய்து நிரப்பியிருக்கிறான். மைக்கை மேளத்துக்கு ஒட்டினாற்போல் வைத்ததில் ஒலி கிழிந்து, அந்தக் கரகரப்பு வந்திருக்கிறது.

"அப்போ அந்த அலறல்?"

"அத்தைக்கு சாமி வந்துச்சி."

அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், என்ன ரகளை என்று எழுந்து வந்தார். மகன் சிரிப்புக்கு நடுவே சொல்லி முடித்தான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தினி வருசமா என்னை வெள்ளக்காரன்னா நெனச்சிகினு இருந்த?"

ஆமாம் நைனா என்றேன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதக்கூட முகவரி தேடியிருக்கிறேன் என்று சொல்லவில்லை. குழுவில் போட்ட குரல் செய்தியை மட்டும் அவசரமாக அழித்தேன்.

அன்று மாலை அவர் பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு அடித்தார். நண்பன் கைபேசியில் பதிவு செய்தான். அதே பாட்டுதான். அத்தை மதுராந்தகத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால், முடிவில் நான் அலறினேன்.