இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய ஞாயிறு

கனடாவின் டோர்செட் பார்க், ஞாயிறு காலை. தமிழ்க் கடை வாசலில் உள்ள பொதுத் தொலைபேசியை ஒருவர் விடுவதாக இல்லை. சென்னைக்குப் பேச நான் பின்னால் நிற்கிறேன்.

"சிவம் அண்ணை, சனம் நிக்குது!" என்று கடைக்காரர் குரல் கொடுக்கிறார்.

"பொறும், மட்ச் முடியட்டும்!"

மட்சா? வட இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய மச்சான் ரிசீவரை ரேடியோவோடு ஒட்டி வைத்திருக்கிறாராம். ரக்பி லீக்! ஆடுவது, கனடா வருமுன் அண்ணை நான்கு வருடம் வேலை செய்த ஊரின் பெரிய கிளப். இன்று தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும்.

"பெரிய கிளப்னா நல்ல ஆட்டக்காரங்களை வாங்கலாமே அண்ணா?"

"முந்தி வாங்கினவங்கள்தான் தம்பி. இப்ப சம்பளத்துக்கு உச்சவரம்பு. காசு கிடந்தாலும் அதுக்கு மேல குடுக்கேலாது. அதான் உள்ளூர்ப் பெடியளை இறக்கினவங்கள். சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் குடுத்து விளையாடுறாங்கள்."

சட்டென்று நெற்றியைத் தொலைபேசிப் பெட்டியில் முட்டுகிறார். தோல்வி.

"இனி வேற கிளப்பைப் பிடிச்சுக்குவீங்களா?" அவசரக்குடுக்கை நான், கேட்டுவிடுகிறேன்.

"விசர்க் கதை கதையாதையும்!" என்றவர் ரிசீவருக்குள் கத்துகிறார்: "டேய் மச்சான், ரேடியோவை நிப்பாட்டிப் போடாதை! மைதானத்தில சனம் பாடுது!"

ரிசீவரை எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் பிடிக்கிறார். இறங்கிப்போன கிளப்பின் பாட்டு இரைச்சலில் பாதிதான் கேட்கிறது. மீதியை, மரக்கறிப் பையோடு வெளியே வருகிறவர்கள் திரும்பிப் பார்க்க, அண்ணை உரக்கப் பாடுகிறார்.